மோட்டாரை யார் போட்டது? தருமபுரி வீடொன்றில் 63 ஆட்டோமேஷன்களைச் சீர்செய்தபோது

பின்னணி

பாலக்கோடு வட்டத்தில் ஒரு கிராமம். வீட்டில் இருப்பது இரண்டே பேர்: ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அவர் மனைவி. மகனுக்குப் பெங்களூரில் மென்பொருள் வேலை; மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு வந்து போவார். நான் தருமபுரியில் இன்வெர்ட்டர், கேமரா வேலை செய்கிறவன். நாலைந்து வருடமாக ஸ்மார்ட் சுவிட்ச் வேலைகளும் வருகின்றன. இந்த வீட்டுக்கு இன்வெர்ட்டர் போட்டது நான்தான் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டாரிடம் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டும் விவரங்களை விட்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்துத் தண்ணீர் கணக்கைச் சொல்லாவிட்டால் இந்த விவகாரம் புரியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் பழுப்பேறியவர்கள், மூட்டு பிடித்துக்கொண்டவர்கள் இல்லாத ஊர் குறைவு. ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் காவிரித் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்தது. அதனால் பல வீடுகளில் இரண்டு தண்ணீர், இரண்டு தொட்டி. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர். மற்றதுக்கெல்லாம் போர் தண்ணீர்.

இந்த வீட்டிலும் அப்படித்தான். ஒகேனக்கல் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து 3,000 லிட்டர் சம்ப்பில் விழும். அங்கிருந்து அரை எச்.பி. மோட்டார் மாடியில் உள்ள 500 லிட்டர் தொட்டிக்கு ஏற்றும். தொட்டி நிறைய 12 நிமிடம் போதும். போர் மோட்டார் தனி. அதற்கு ஸ்டார்ட்டர், தனிக் கோடு.

மகன் மூன்று வருடங்களுக்கு முன்பு ராஸ்ப்பெரி பை என்ற கையளவுக் கணினியில், வீட்டுச் சாதனங்களைத் தானாக இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருளைப் போட்டு ஆரம்பித்தார். முதலில் வாசல் விளக்கு, பிறகு மோட்டார், கீசர், ஹால் விளக்குகள், மாட்டுக்கொட்டகை விளக்கு. ஒவ்வொரு முறை வரும்போதும் இரண்டு மூன்று சேரும். "இப்படி இருந்தா நல்லா இருக்குமேப்பா" என்று அப்பா போனில் சொல்வதும் அன்று இரவே ஒரு ஆட்டோமேஷனாகிவிடும். 2024 அக்டோபரில் நான் எண்ணியபோது 63 இருந்தன. இன்னது நடந்தால் இன்னதைச் செய் என்ற இந்த ஆட்டோமேஷன்களை இனி விதிகள் என்றே எழுதுகிறேன்.

நடந்தது

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. அதிகாலை 5 மணிக்கு அந்த அம்மா எழுந்து வாசல் தெளிக்கப் போனபோது வீட்டின் பின்சுவர் மேலிருந்து கீழ்வரை நனைந்திருந்தது. முருங்கை மரத்தடியில் குளம் மாதிரி தண்ணீர். சம்ப் மூடியைத் திறந்தால் அடியில் சேறுதான் தெரிந்தது. மோட்டார் நின்றிருந்தது, ஆனால் கை வைக்க முடியாத சூடு. மறுநாள் காலை மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. மெக்கானிக் வந்து சீல் போய்விட்டது என்றார். கூலியோடு 1,400 ரூபாய். பணத்தைவிட, அடுத்த தண்ணீர் வரும்வரை குடத்தோடு பக்கத்து வீட்டுக்கு நடந்ததைத்தான் அம்மா பெரிதாகச் சொன்னார்.

நான் போனபோது மூன்று பேரிடமும் இருந்தது ஒரே கேள்வி. ஆளாளுக்கு ஒரு பதில்.

"நான் போடலை தம்பி, இவளும் போடலை. அவன்தான் பெங்களூர்லேர்ந்து போன்ல தட்டியிருப்பான்" என்றார் ஆசிரியர்.

மகனைப் போனில் கேட்டேன். "அப்பாதான் பட்டன்ல கை வெச்சிருப்பார் அண்ணா. நான் ராத்திரி தூங்கிட்டேன்."

அம்மா சொன்னது வேறு: "ஏம்பா, இன்னிக்கு நேத்தா? அந்தச் சுவரு தினமும் காலைல ஈரமாத்தான் இருக்கும். சொன்னா யார் கேக்கறா?"

அந்த ஒரு வாக்கியத்தில் பாதி விடை இருந்தது. அன்றைக்கு நானும் கவனிக்கவில்லை.

கண்டறிந்தவை

முதலில் ஹோம் அசிஸ்டன்ட்டின் நிகழ்வுப் பதிவைத் திறந்தேன். ஒரு விதி சுவிட்சைப் போட்டிருந்தால், எந்த விதி போட்டது என்று அந்த வரியிலேயே இருக்கும். கைபேசியிலிருந்து தட்டியிருந்தால் ஆளின் பெயர் இருக்கும். அன்றைக்கு 2:00 மணிக்கு "மோட்டார் ஆன் ஆனது" என்று மட்டும் இருந்தது. யாரால் என்று இல்லை. அதாவது, ஆணை ஹோம் அசிஸ்டன்ட்டுக்கு வெளியிலிருந்து வந்திருக்கிறது. முந்தின நாட்களைப் புரட்டினேன். பதிவு இருந்த அத்தனை நாளும் இரவு 2:00-க்கு ஆன், 2:12-க்கு ஆஃப்.

மகனிடம் மோட்டாருக்கு மாட்டியிருந்த வைஃபை சுவிட்சோடு வந்த கைபேசிச் செயலியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இருக்கு அண்ணா" என்றார். சுவிட்ச் வாங்கிய முதல் வாரம், ஹோம் அசிஸ்டன்ட்டோடு இணைப்பதற்கு முன்பு, செயலியிலேயே ஒரு கால அட்டவணை போட்டிருக்கிறார். அப்போது ஊரில் தண்ணீர் நள்ளிரவில் வந்துகொண்டிருந்தது, அதனால் 2 மணி. பிறகு ஹோம் அசிஸ்டன்ட்டில் காலை 4:30 விதி எழுதியதும் பழையது மறந்துபோனது. மூன்று வருடமாக மோட்டார் தினம் இரண்டு முறை ஓடியிருக்கிறது. இரண்டாவது ஓட்டத்தில் ஏறிய தண்ணீர்தான் சுவரை நனைத்தது.

சரி, அது தினசரிக் கசிவு. அன்றைக்கு மட்டும் சம்ப் காலியானது ஏன்? நேரக் கணக்கை நோட்டில் வரிசையாக எழுதினேன்.

2:00-க்குச் செயலியின் அட்டவணை மோட்டாரைப் போட்டது. 2:05-க்குக் கரண்ட் போனது. ராஸ்ப்பெரி பை இன்வெர்ட்டர் கோட்டில் இல்லை. ஹாலில் டிவிக்குப் பின்னால் சாதாரண பிளக்கில் இருந்தது, அதுவும் நின்றது. 2:12-க்கு அணைக்க வேண்டிய சுவிட்சுக்கே அப்போது கரண்ட் இல்லை. 2:41-க்குக் கரண்ட் வந்தது. மின்சாரம் திரும்பினால் முன்பிருந்த நிலைக்கே போக வேண்டும் என்று அந்தச் சுவிட்சில் அமைப்பு இருந்தது. முன்பிருந்த நிலை ஆன், ஆகவே மோட்டார் ஓட ஆரம்பித்தது. அணைக்கும் நேரம்தான் கடந்துவிட்டதே.

இந்த இடத்தில் காப்பாற்ற வேண்டிய விதி ஒன்று இருந்தது. மோட்டார் 20 நிமிடத்துக்கு மேல் ஓடினால் அணைத்துவிடும். மகன் அதை நம்பியிருந்தார், நியாயம்தான். ஆனால் அந்த விதி, மோட்டார் ஆஃப் நிலையிலிருந்து ஆன் நிலைக்கு மாறி 20 நிமிடம் ஆனால் என்று எழுதப்பட்டிருந்தது. 2:00 மணிக்கு ஆரம்பித்த எண்ணிக்கை, ஹோம் அசிஸ்டன்ட் நின்றபோதே போய்விட்டது. இப்படிக் காத்திருக்கும் எண்ணிக்கைகள் மறுதொடக்கத்தைத் தாண்டுவதில்லை. கரண்ட் வந்து ஹோம் அசிஸ்டன்ட் எழுந்தபோது மோட்டாரின் நிலை 'கிடைக்கவில்லை' என்பதிலிருந்து ஆன் என்று மாறியது. ஆஃப்-லிருந்து ஆன் அல்ல. விதி அசையவே இல்லை.

சம்ப்பில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் இன்னொரு விதியும் பட்டியலில் இருந்தது. அதற்கான அளவு சென்சார் சம்ப்பின் ஈரத்தில் செத்துப்போய் ஒரு வருடமாகிறது. விதி மட்டும் காவலுக்கு நிற்பது மாதிரி இருந்துகொண்டிருந்தது.

கடைசியாக மோட்டாரை நிறுத்தியது யார்? 4:30 விதி. அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை ஆன் செய்தது, 12 நிமிடம் காத்திருந்தது, 4:42-க்கு அணைத்தது. அதற்குள் சம்ப் காலியாகி அரை மணி நேரத்துக்கு மேல் வெறுமனே ஓடியிருக்கும் என்பது என் கணக்கு. தற்செயலாக அந்த விதி இல்லாதிருந்தால் அம்மா எழுந்து வரும்வரை ஓடியிருக்கும்.

63 விதிகளின் கணக்கு

காரணம் தெரிந்ததும் அதை மட்டும் சரிசெய்துவிட்டு வந்திருக்கலாம். ஆசிரியர் விடவில்லை. "இன்னும் எத்தனை இப்படி இருக்கும்னு பாத்துடுங்க தம்பி" என்றார். அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் போயின.

கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, விதிக்கு ஒரு வரி எழுதினோம். எந்தப் பொருளைத் தொடுகிறது, யார் கேட்டது, கடைசியாக எப்போது ஓடியது. ஆசிரியர்தான் எழுதினார், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். திரையில் பார்த்தபோது தெரியாதது காகிதத்தில் தெரிந்தது.

63-ல் 17 அணைத்து வைக்கப்பட்டவை. 9 உடைந்தவை, அதாவது இல்லாத பொருளைத் தேடிக்கொண்டிருப்பவை. ஓடிக்கொண்டிருந்தவை 37. உடைந்த 9-ல் 7-க்கு ஒரே காரணம். விதி எழுதும்போது மகன் பட்டியலிலிருந்து கருவியைத் தேர்ந்தெடுத்து எழுதியிருந்தார். அப்படி எழுதினால் விதிக்குள் அந்தக் கருவியின் உள் எண் பதிந்துவிடும். பல்பு போய் அதே மாதிரி புதியது மாட்டினாலும் எண் வேறு, ஆகவே விதி செத்துவிடும். கருவிக்குப் பதிலாக அதன் சுவிட்சை, விளக்கை அதனதன் அடையாளப் பெயரால் குறித்து எழுதினால், புதிய பல்புக்குப் பழைய பெயரையே கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

பெயர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'புதிய ஆட்டோமேஷன் 4', 'டெஸ்ட் 2', 'மோட்டார் ஃபைனல்', 'மோட்டார் ஃபைனல் நியூ'. இதில் ஓடிக்கொண்டிருந்தது 'மோட்டார் ஃபைனல்'. நியூ அணைந்து கிடந்தது.

ஒகேனக்கல் மோட்டாரை ஹோம் அசிஸ்டன்ட்டில் 5 விதிகள் தொட்டன: காலை 4:30, வாசல் பட்டன், 20 நிமிடக் காவல், செத்துப்போன சம்ப் சென்சார், வீட்டில் யாரும் இல்லையென்றால் எல்லாவற்றையும் அணைப்பது. வெளியே செயலியில் ஒரு அட்டவணை. ஆக மோட்டாருக்கு ஆறு எஜமானர்கள். ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது.

வாசல் பட்டனில் ஒரு புகார் தனியாக இருந்தது. பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்காது. ஆசிரியர் பட்டன் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு முறை பேட்டரி மாற்றியிருக்கிறார். பட்டனில் கோளாறு இல்லை. அந்த விதியின் நடுவில் 12 நிமிடக் காத்திருப்பு இருந்தது. ஹோம் அசிஸ்டன்ட்டில் ஒரு விதி முடியும் முன் மறுபடி தூண்டப்பட்டால் இரண்டாவது தூண்டலை விட்டுவிடும். இயல்பான அமைப்பு அதுதான். முதல் அழுத்தின் 12 நிமிடம் முடியும்வரை இரண்டாவது அழுத்து காதில் ஏறாது.

இன்னொன்று, ஆசிரியரின் போனுக்கு வந்த அறிவிப்புகள். விளக்கு எரிந்தது, அணைந்தது, கதவு திறந்தது என்று அரை நாளில் திரை நிறைந்துவிடும். அவர் எப்போதோ அந்தச் செயலியின் சத்தத்தை நிறுத்திவிட்டார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு ஹோம் அசிஸ்டன்ட்டைத் தொடாதது. மாடித் தொட்டியிலும் சம்ப்பிலும் தண்ணீர் மட்டத்தோடு ஏறி இறங்கும் ஃப்ளோட் சுவிட்ச் போட்டு, மோட்டாருக்குப் போகும் கோட்டிலேயே தொடராக இணைத்தோம். தொட்டி நிறைந்தாலோ சம்ப் காலியானாலோ, எந்த விதி என்ன சொன்னாலும் மோட்டார் ஓடாது. சில நூறு ரூபாய் சாமான். மகனுக்கு இதில் கொஞ்சம் வருத்தம். இவ்வளவு செய்துவிட்டுக் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் குண்டா என்றார். தண்ணீரும் மோட்டாரும் சம்பந்தப்பட்ட காவலை வைஃபையை நம்பி விடக்கூடாது என்பது என் கட்சி. அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சம்ப் ஃப்ளோட்டில் மட்டும் இரண்டு தொடர்பு உள்ளதாக வாங்கி, ஒன்றை மோட்டார் கோட்டுக்கும் மற்றதை நிலையைச் சொல்ல ஹோம் அசிஸ்டன்ட்டுக்கும் கொடுத்தோம்.

அடுத்து, செயலியில் இருந்த அட்டவணைகள் எல்லாவற்றையும் நீக்கினோம். மோட்டாருக்கு மட்டுமல்ல, கீசருக்கும் கொட்டகை விளக்குக்கும் இருந்தது. செயலி இனி கருவியை முதன்முதலில் இணைக்க மட்டும். மோட்டார், கீசர் சுவிட்சுகளில் கரண்ட் வந்தால் ஆஃப் நிலையில் நிற்கும்படி மாற்றினோம். விளக்குகளுக்குப் பழையபடியே விட்டோம், இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது உதவும். ராஸ்ப்பெரி பை இன்வெர்ட்டர் கோட்டுக்கு மாறியது.

பிறகுதான் விதிகள். நீண்ட வாக்குவாதம் நடந்தது ஒரு விஷயத்தில்: மோட்டாரை ஒரே ஒரு விதிதான் தொட வேண்டும் என்று நான் சொன்னேன். சின்னச் சின்ன விதிகளாக இருந்தால்தான் படிக்க எளிது, ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடாது என்றார் மகன். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஐந்து தூண்டல்களை ஒன்றில் அடைத்தால் திரையில் நீளமாகத்தான் இருக்கும். ஆனால் மோட்டார் ஏன் ஓடியது என்று கேட்டால் பார்க்க வேண்டிய இடம் ஒன்றாக இருக்கும். இந்த வீட்டில் அந்தக் கேள்விக்குத்தான் விடை கிடைக்கவில்லை. கடைசியில் பாதி பாதியாக முடிந்தது: தண்ணீர், சூடு சம்பந்தப்பட்டவற்றுக்கு, அதாவது மோட்டாருக்கும் கீசருக்கும், பொருளுக்கு ஒரு விதி, விளக்குகளுக்கு அவர் இஷ்டம்.

மோட்டார் விதியை இப்படி எழுதினோம். காலை 4:30, வாசல் பட்டன், டைமர் முடிந்தது, சம்ப் ஃப்ளோட் கீழே இறங்கியது, ஹோம் அசிஸ்டன்ட் தொடங்கியது என்று ஐந்து தூண்டல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எது தூண்டியதோ அதற்கான கிளை ஓடும். உள்ளே காத்திருப்பு எதுவும் இல்லை. 12 நிமிடத்தை ஒரு டைமர் பார்த்துக்கொள்ளும். மறுதொடக்கத்துக்குப் பிறகும் நினைவு வைத்துக்கொள்ளும்படி டைமரில் ஓர் அமைப்பு இருக்கிறது, அதை இயக்கினோம். ஹோம் அசிஸ்டன்ட் நின்றிருந்தபோதே நேரம் முடிந்திருந்தால், எழுந்ததும் முடிந்துவிட்டது என்று சொல்லும். தூண்டல்கள் அடுத்தடுத்து வந்தால் வரிசையில் நிற்கும்படி வைத்தோம், ஆகவே பட்டனின் இரண்டாவது அழுத்து இப்போது நிறுத்தும். தொடக்கக் கிளை ஒன்றே ஒன்றுதான் செய்யும்: மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்து, போனுக்குச் சொல்லும். எது தூண்டியது, என்ன செய்தது என்ற தடயம் வழக்கமாக ஒரு விதியின் கடைசி 5 ஓட்டங்களுக்குத்தான் சேமிக்கப்படும், இதற்கு மட்டும் 20 ஆக்கினோம். வீட்டில் யாரும் இல்லாதபோது அணைக்கும் விதியிலிருந்து மோட்டாரை எடுத்துவிட்டோம்.

பெயர் வைத்தல் ஒரு மாலை முழுக்க எடுத்தது. இடம், பொருள், என்ன செய்கிறது என்ற வரிசை, எல்லாம் தமிழில். 'மாடி, ஒகேனக்கல் மோட்டார், ஓட்டமும் நிறுத்தமும்'. 'வாசல், விளக்கு, இருட்டினால்'. ஒரு சிக்கல் உண்டு. தமிழில் பெயர் வைத்தால் பின்னால் உருவாகும் அடையாளப் பெயர் ஆங்கில எழுத்தில் பல்லை உடைக்கும் கோர்வையாக வரும். அதை மட்டும் மகன் கையால் மாற்றிக் கொடுத்தார். பெயருக்குக் கீழே விளக்கம் எழுத இடம் இருக்கிறதல்லவா, அதில் யார் கேட்டது, ஏன், எந்த மாதம் என்று ஒரு வரி. உதாரணத்துக்கு: 'அம்மா கேட்டது. பூஜை அறை விளக்கு தானாக அணையக்கூடாது. நவம்பர் 2024.'

ஹோம் அசிஸ்டன்ட்டில் 2024 ஏப்ரல் பதிப்பிலிருந்து லேபிள் போடும் வசதி வந்திருக்கிறது. மூன்றே மூன்று வைத்தோம்: காவல், வசதி, சோதனை. மகனுக்கு இன்னும் பத்து தோன்றியது. வேண்டாம் என்று அப்பாவே தடுத்துவிட்டார். போனுக்குச் சத்தத்தோடு அறிவிப்பு வருவது காவல் லேபிளுக்கு மட்டும். சோதனை லேபிளில் இருப்பது மகனின் அடுத்த வருகைக்குள் பெயர் மாறி வசதிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் நீக்க வேண்டும்.

நீக்குவதற்கு முன் முழு காப்புப்பிரதி எடுத்து மகனின் லேப்டாப்பில் வைத்தோம். அணைத்துக் கிடந்த 17-ம் உடைந்த 9-ம் போயின. ஓடியவற்றைச் சேர்த்தும் கழித்தும் கடைசியில் நின்றது 26.

சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினோம். மோட்டாருக்குக் கை, தானியங்கி என்று ஒரு மாற்றுச் சுவிட்ச் மாட்டினேன். தாளில் முதல் வரி அதைப் பற்றியதுதான்: 'எதுவும் புரியாவிட்டால் சுவிட்சைக் கை பக்கம் தள்ளவும்.' கை பக்கம் தள்ளினாலும் ஃப்ளோட்டைத் தாண்டித்தான் கரண்ட் போகும்.

அதன் பிறகு

கிளம்பும் முன் மோட்டார் ஓடும்போது மெயினை மூன்று முறை இறக்கி ஏற்றிப் பார்த்தோம். மூன்று முறையும் மோட்டார் நின்றது நின்றபடி இருந்தது.

நிஜமான சோதனை தானாக வந்தது. 2024 டிசம்பர் 1, 2-ல் ஃபெஞ்சல் புயல் மழை. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை, ஆனால் கரண்ட் வந்து வந்து போனது. இரண்டாவது இரவு இன்வெர்ட்டரும் தீர்ந்து ராஸ்ப்பெரி பை நாலு மணி நேரம் நின்றது. மறுநாள் பதிவைப் பார்த்தேன். தொடக்கக் கிளை ஓடியிருந்தது, மோட்டார் ஆஃப், அடுத்த காலை 4:30-க்கு வழக்கம்போல் ஏற்றியது. அந்த இரண்டு நாளில் ஒரு காலை மட்டும் தொட்டி பாதியில் நின்றது, ஓட்டத்தின் நடுவே கரண்ட் போனதால். திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடவேண்டுமா என்று யோசித்தோம். வேண்டாம் என்றே முடிவு. பட்டன் இருக்கிறது.

எல்லாம் நன்றாகப் போனதாகச் சொல்ல முடியாது. பொங்கலுக்கு உறவினர்கள் வந்தால் ஹாலில் நடமாட்டத்துக்கு விளக்கு எரிந்து அணைவது தொல்லை என்று 'விருந்தாளி' என ஒரு சுவிட்சை ஹோம் அசிஸ்டன்ட்டில் வைத்திருந்தோம். அதைப் போட்டால் விளக்கு விதிகள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ளும். உறவினர்கள் காணும் பொங்கல் அன்றே போய்விட்டார்கள். சுவிட்ச் 11 நாள் அப்படியே இருந்தது. வாசல் விளக்கு எரியவில்லை என்று ஆசிரியர் பல்பு மாற்றிப் பார்த்து, பிறகு என்னைக் கூப்பிட்டார். இப்போது அது மறுநாள் காலை 6 மணிக்குத் தானாக அணைந்துவிடும். இன்னொரு நாள் வேண்டுமானால் மறுபடி போட வேண்டும்.

பெரிய பிழை மார்ச்சில் தெரிந்தது. மாடித் தோட்டத்துக்குச் சொட்டு நீர் விடும் வால்வு விதி ஒன்று கோடைக்கு மட்டும் உரியது. ஜூனில் கடைசியாக ஓடியதும் மகன் அதை அணைத்து வைத்திருக்கிறார். நவம்பரில் நோட்டில் 'கடைசி ஓட்டம்: ஜூன்' என்று பார்த்ததும் செத்த விதி என்று நான்தான் நீக்கச் சொன்னேன். மார்ச் மூன்றாம் வாரம் அம்மாவின் மல்லிகைச் செடி வாடிய பிறகுதான் யாருக்கும் ஞாபகம் வந்தது. காப்புப்பிரதியிலிருந்து அந்த ஒரு விதியை எடுத்துப் போட மகனுக்கு அரை மணி நேரம் ஆனது. செடி பிழைத்தது. அம்மா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

ஏப்ரலில் ஆசிரியர் முதல் முறையாகத் தானே ஒரு விதி எழுதினார், கொட்டகை விளக்கை இரவு 9 மணிக்கு அணைக்க. இடம், பொருள், செயல் என்ற வரிசையில் பெயர், கீழே 'நானே கேட்டது' என்று விளக்கம், சோதனை லேபிள். மாடு கன்று போட்ட இரவு 9 மணிக்கு விளக்கு அணைந்ததும் மறுநாளே நீக்கிவிட்டார். நோட்டில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறார்.

மறுபடி செய்தால்

மகனின் திரையிலிருந்து ஆரம்பிக்க மாட்டேன். வீட்டில் இருப்பவர்களிடம், முக்கியமாக அதிகாலையில் எழுகிறவரிடம், என்ன என்ன விசித்திரமாக இருக்கிறது என்று முதலில் கேட்பேன். ஈரச் சுவரை அம்மா மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃப்ளோட் சுவிட்சை முதல் நாளே மாட்டியிருக்க வேண்டும். காரணம் தேடிய ஒரு வாரம் மோட்டார் அதே ஆபத்தில்தான் ஓடியது. விதிகளை நீக்கும் முன் ஒரு முழு வருடத்தை யோசிக்க வேண்டும்: கோடை, மழை, பண்டிகை, அறுவடை. கடைசி ஓட்டம் என்ற தேதி மட்டும் போதாது. இப்போது நோட்டில் 'எந்தக் காலத்துக்கு' என்று ஒரு கட்டம் கூடியிருக்கிறது.

மோட்டாருக்கு ஒரே விதி என்பதில் மகனுக்கு இன்னும் முழு சம்மதம் இல்லை. அது ஏழு கிளையாக வளர்ந்தால் பிரிப்போம் என்று பேசியிருக்கிறோம். இப்போதைக்கு ஐந்து.

பாக்கி இரண்டு இருக்கிறது. சுவிட்ச் செயலியின் பழைய கணக்கு மகனின் பழைய போனிலும் திறந்தே இருக்கிறது. அந்தப் போன் இப்போது அவர் அறை நண்பரிடம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது கடவுச்சொல்லை மாற்றச் சொல்லியிருக்கிறேன். போர் மோட்டாரையும் ஹோம் அசிஸ்டன்ட்டில் சேர்க்கலாமா என்று மகன் கேட்டார். ஸ்டார்ட்டர் பெட்டியின் சாவியை ஆசிரியர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அது என் கையிலயே இருக்கட்டும் தம்பி" என்றார்.